மின்னஞ்சல் அனுப்பும் கோளாறு

கணினியில் நிறுவிய டேலி, அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களிலிருந்து மெயில் வெளியே போகாமல் நிற்கும் நிலை. பில்லை டேலியிலிருந்தே மெயிலில் அனுப்ப முடியும். ஆனால் மெயில் வருவதை வைத்து, போவதும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. வாங்குவதற்கு பாப் அல்லது ஐமேப், அனுப்புவதற்கு எஸ்எம்டிபி என வழிகளும் அமைப்புகளும் வேறு வேறு.

பிழை எண்ணைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 535 என்றால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 2022 மே 30 முதல் கூகுள், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லுடன் நுழையும் பழைய செயலிகளைத் தடுத்தது. அதுவரை ஓடிய அமைப்பு திடீரென நின்றது இதனால்தான். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல்லை உருவாக்கி அதையே பதிய வேண்டும்.

550 என்றால் பெரும்பாலும் பெறுநர் முகவரி தவறு.

எண்ணே வராமல் இணைப்பு அறுந்தால் போர்ட்டைப் பார்க்கலாம். ஸ்பேமைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்கள் பல 25-ஆம் போர்ட்டை மூடிவைக்கின்றன. 587 அல்லது 465 தேவை. இணைப்புக் கோப்பு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும் என்பதால், அளவு வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும் கோப்பும் சில சேவைகளில் சிக்கலாம்.