படுவான்கரையில் ஒரு பிரதி

எங்கட குழு ஒரு சின்ன மாஸ்டடொன் சேர்வர் நடத்துது. போன மாதம் ஒரு தங்கச்சி கேட்டாள்: "இதுக்குப் பேக்கப் எங்க இருக்கு?" அதே மெஷினில, ரெண்டாவது டிஸ்கில என்டோம். "அப்ப அது பேக்கப்பா?" எங்களிட்டப் பதில் இல்லை.

2023 ஓகஸ்டில் கொழும்பில் இதே கேள்வி வந்தது. 26ஆம் திகதி அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ஒரு ரான்சம்வேர் பூட்டிப்போட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. பேக்கப் இல்லாமலில்லை. ஆனால் அது ஒன்லைனில் இருந்ததால் அதையும் சேர்த்தே பூட்டிவிட்டது. மே 17 முதல் அன்றைய நாள்வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. இணைப்பில்லாத தினசரிப் பிரதி எடுக்கவேணும் என்ற பேச்சு மறுகாதான் வந்தது. இதே கிளவுட்டில் இருந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் 2021இலேயே அழிந்திருந்தன. அப்பவே பாடம் படித்திருக்கலாம்.

எங்கட ஆக்களுக்கு இது தெரியாத விசயமில்லை. ஓலையைப் பூச்சி அரிக்கும், நொருங்கும். அதுக்கு முன்னம் புது ஓலையில் படி எடுத்து வைப்பார்கள். ஒரே ஏடு பல வீடுகளிலும் கோயில்களிலும் கிடக்கும். எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' பதிப்பித்தது இப்படித் தப்பி வந்த ஏடுகளால்தான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த புத்தகத்தைத் தேடி எடுக்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்த ஏடு போனது போனதுதான். 2005இல் தொடங்கின 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்களை வாசிக்கும்போது இந்த நினைவு வராமல் இருக்காது.

சரி, எங்கட பிரதியை எங்க வைக்கிறது? வாவிக்கு அக்கரை என்டுதான் முதல் யோசித்தோம். சேர்வர் எழுவான்கரையில், பிரதி படுவான்கரையில். 2004 சுனாமி நாவலடியையும் கல்லடியையும் அடித்தபோது கடல் படுவான்கரைக்குப் போகவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் மூழ்கினது படுவான்கரை. ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியை அனுபவித்த அம்மம்மாவிட்டக் கேளுங்கள், அது கரை பார்த்து அடிக்கவில்லை. ஆகவே மூன்றாவது பிரதி மாவட்டத்துக்கு வெளியே.

எதை எடுக்கிறது என்பதிலும் பிழை விட்டிருந்தோம். படங்கள் இருக்கிற ஃபோல்டரை மட்டும் ஒழுங்காகப் பிரதி எடுத்திருந்தோம். பதிவுகள், கணக்குகள், யார் யாரைப் பின்தொடருகிறார்கள் என்பதெல்லாம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேசில்தான் இருக்கு. அது போனால் சேர்வரே இல்லை. ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பும் வேணும். அது இல்லாவிட்டால் இரண்டடுக்குப் பூட்டுப் போட்டவர்கள் உள்ளே வரச் சிரமப்படுவார்கள். டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் இத்தனையும் இருந்தும் பயனில்லை, கணக்குகளின் விலாசமே அதுதான்.

குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது வேறொன்றுக்கு. மாஸ்டடொனில் தனிச்செய்திகளும் அதே டேட்டாபேசில் பூட்டில்லாமல்தான் கிடக்குது. இன்னொரு வீட்டில் ஒரு டிஸ்க் வைக்கிறம் என்டால், ஊர்ப் பிள்ளைகளின் தனிப்பேச்சையும் அங்க வைக்கிறம். ஒருவரின் பேச்சு தப்பான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்டு எங்கட ஊரில் விளக்கத் தேவையில்லை. அதனால் பூட்டாமல் எந்தப் பிரதியும் வெளியே போறதில்லை என்டு முடிவெடுத்தோம். சாவி டிஸ்க் இருக்கிற வீட்டில் இருக்காது, வேறு இரண்டு பேரிடம் இருக்கும்.

இன்னொரு வேலை மிச்சம். 2017 ஜனவரி 31இல் கிட்லப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக டேட்டாபேசை அழித்தார். பேக்கப் முறைகள் பல வைத்திருந்தார்கள், ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. யாரோ தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது, அதிலும் கடைசி ஆறு மணித்தியாலம் இல்லை. வாற போயா லீவுக்கு ஒரு பழைய லேப்டொப்பில் எங்கட பிரதியை எழுப்பிப் பார்க்கப்போறம். கேள்வி கேட்ட தங்கச்சிதான் விசைப்பலகையில் இருப்பாள்.