பதிவேடும் மருத்துவச்சியும்

1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றியது. நோயாளியின் பாதுகாப்புக்கு அது தேவைதான்; மறுப்பதற்கில்லை. ஆனால் பதிவேடு பெயரை எழுதும்போதே யாருடைய அறிவு செல்லும், யாருடையது செல்லாது என்பதையும் எழுதிவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை எடுத்தவர்கள், நாவிதர் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவர் சாதிப் பெண்கள். கைதான் அவர்களுக்குச் சான்று. பரீட்சையும் சான்றிதழும் வந்ததும் அவர்கள் ‘பயிற்சியற்றவர்கள்’ ஆகிப்போனார்கள்.

சரி, காரைக்குடியில் நர்சிங் ஹோம் நடத்துகிற முதலாளிக்கு? தனியார் மருத்துவமனைகளைப் பதிவுசெய்யச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 1997இல்; அதற்கு விதிகள் வர 2018 ஆயிற்று. பிள்ளை எடுத்த கையைக் கேள்வி கேட்ட அரசுக்கு, கட்டடத்தின் சொந்தக்காரனைக் கேட்க 71 வருஷம் பிடித்திருக்கிறது. இதை வெறும் தாமதம்னு சொல்லிக் கடந்துபோக முடியாது.