வர்த்தனை: தென் திருவிதாங்கூர்ச் சுவர்களில் திரண்ட நிழல்

அம்பூரி, வெள்ளறடை முதலிய எல்லையூர்களிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் நுழைந்து குலசேகரம் பக்கம் சென்றால், திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலைக் காணலாம். ஆய் அரசர் காலக் கல்வெட்டும் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டும் உள்ள இக்குடைவரையின் சுவர்களில் ஒரு காலத்தில் ஓவியங்கள் இருந்தன. கேரள ஓவிய மரபின் மிகப் பழைய எச்சங்களாக, ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாக அவற்றை அறிஞர் மதிப்பிடுகின்றனர். இன்று எஞ்சியிருப்பவை மங்கிய கோடுகளும் சிற்சில வண்ணத் திட்டுகளுமே. உருவத்தின் விளிம்பை ஒருவாறு ஊகிக்கலாம். உடலின் திரட்சியைக் காண இயலாது. கோடு தங்கி நிழல் மறைந்ததற்கு, இம்மரபில் ஓவியம் தீட்டப்பட்ட முறையே ஒரு காரணம்.

கேரளச் சுவரோவியம் காய்ந்த சுண்ணத் தளத்தின்மேல் தீட்டப்படுவது. காவி மஞ்சளும் காவிச் சிவப்பும் மண்ணிலிருந்தும், கருமை எண்ணெய் விளக்கின் புகைக்கரியிலிருந்தும் கிடைத்தன. அவுரி நீலத்தோடு இரவிக்கறை என்னும் மஞ்சள் பிசினைக் கலந்து பச்சை உண்டாக்கினர். வெண்மைக்குச் சுண்ணத் தளமே போதுமானதாக இருந்தது. வேப்பம்பிசினும் இளநீரும் வண்ணத்தைச் சுவரில் பற்றவைத்தன. பணியின் படிநிலைகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு: லேக்கிய கர்மம், ரேகா கர்மம், வர்ண கர்மம், வர்த்தனா கர்மம், லேகா கர்மம், த்விக கர்மம். முதல் இரண்டும் வரைவு. மூன்றாவது வண்ணம் நிரப்புதல். நான்காவதான வர்த்தனையே நிழலிடுதல். அதன் பின்னரே இறுதி விளிம்புக் கோடும் நுண்ணிய மெருகும் வருகின்றன. ஆகவே வர்த்தனை, சுவரின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு. ஈரமும் உராய்வும் முதலில் தீண்டுவது மேலடுக்குகளையே. அடியில் கிடக்கும் முதல் வரைவு நெடுங்காலம் தாக்குப்பிடிக்க வாய்ப்புண்டு.

இந்நிழலிடும் கலைக்கு நூல் மரபும் உண்டு. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்திலுள்ள சித்திரசூத்திரம், வர்த்தனையை மூவகையாகப் பிரிக்கிறது. இலை நரம்புபோல் குறுக்கிடும் கோடுகளால் ஆவது பத்திர வர்த்தனை. மிக நுண்ணிய தீற்றல்களால் ஆவது ஐரிக வர்த்தனை. புள்ளிகளால் ஆவது பிந்து வர்த்தனை. கோடு, அணிகலன், வண்ணம் ஆகியவற்றோடு வர்த்தனையையும் ஓவியத்தின் சிறப்புகளுள் ஒன்றாக அந்நூல் எண்ணுகிறது. அதன் அருமையை உணர்பவர் நுண்ணறிவுடைய சுவைஞர் என்றும் கூறுகிறது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1924இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இந்நூலை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. கேரளத்திலேயே 16ஆம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரர் இயற்றிய சில்பரத்தினமும் ஓவியத்துக்கெனத் தனி இயல் கொண்டது. அதன் முதற்பகுதி 1922இல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் அச்சேறியது.

வர்த்தனை என்னும் சொல்லின் வேர், 'சுழல்', 'திரும்பு' எனப் பொருள்படும் 'வ்ருத்' என்பது. இவ்வேரிலிருந்தே திரியையும் தூரிகையையும் குறிக்கும் 'வர்த்திகா' பிறந்தது. அது பிராகிருத வடிவின் வழியே தமிழில் 'வட்டிகை' ஆயிற்று. மணிமேகலைக் காலத் தமிழர் தூரிகையை வட்டிகை என்றே அறிந்திருந்தனர். நிழல் என்ற சொல் ஒளியைச் சார்ந்தது. விளக்கோ ஞாயிறோ இல்லையேல் நிழலும் இல்லை. வர்த்தனையோ உடலைச் சார்ந்தது. மேற்பரப்பு கண்ணைவிட்டு எங்கே வளைந்து திரும்புகிறதோ, அங்கே வண்ணம் கருக்கிறது. ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இம்முறையில் இடமே இல்லை.

கல்குளத்தை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் இதை உணரலாம். மார்த்தாண்டவர்மர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில், அனந்தசயனம் உள்ளிட்ட ஓவியங்கள் நிறைந்துள்ளன. இம்மரபில் கை, மார்பு, கன்னம் ஆகியவற்றின் நடுப்பகுதி வெளிறியும் விளிம்பை நெருங்கும்தோறும் அடர்ந்தும் அமையும். பச்சை மேனியில் கரும்பச்சையும், பொன்மேனியில் சிவப்பும் நெருக்கமான புள்ளிகளாகச் செறியும். உருவம் தரையில் நிழல் வீழ்த்துவதில்லை. ஆயினும் சுவரைவிட்டு எழுந்து நிற்கிறது.

1862இல் கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த இளம் இரவிவர்மர் கற்றுத் தேர்ந்தது வேறொரு நிழல். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் ஒளி ஒரு திசையிலிருந்து விழும்; முகத்தின் ஒரு பாதி இருளும். இந்த ஒளிநிழலே ஆழம் காட்டும் ஒரே வழி என்ற எண்ணம் வேரூன்றியபோது, உள்நாட்டு ஓவியம் தட்டையானது என்ற தீர்ப்பும் எளிதாயிற்று. வர்த்தனை உதிர்ந்த சுவர்கள் அத்தீர்ப்புக்குச் சான்றாகவே தோன்றியிருக்கும்.

பழைய தத்துவம் இன்று எதிர்பாராத ஓரிடத்தில் தென்படுகிறது. உலகெங்கும் பலர் பொழுதுபோக்காக 28 மில்லிமீட்டர் அளவிலான போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகின்றனர். அத்துணைச் சிறிய உருவத்தின் மடிப்புகளில் இயல்பாக விழும் நிழல் கண்ணுக்குப் போதாது. ஆகவே நிழலையும் தீட்டியாக வேண்டும். அதற்கென நீர்த்த, நிறமி குறைந்த வண்ணத்தைப் பூசுகின்றனர். அது மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கிக் காய்ந்து, ஆடையின் மடிப்பையும் விரலிடுக்கையும் இருளச் செய்கிறது. பின்னர் மேடுகளில் வெளிர்வண்ணம் தொட்டு முடிக்கின்றனர். பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2012இல் தன் சிட்டடல் வண்ண வரிசையில் இவ்வகைக்கு 'ஷேட்' என்றே பெயரிட்டது. ஒளியின் திசையைக் கருதித் தீட்டுவோரும் இத்துறையில் உண்டு. ஆனால் ஷேட் வண்ணம் திசையறியாது, உருவின் வளைவையும் பள்ளத்தையும் மட்டுமே அறியும். பொம்மையில் பள்ளம் முன்பே இருக்கிறது. வண்ணம் தானே அதைத் தேடிச் செல்கிறது. சமதளச் சுவரிலோ பள்ளத்தை ஓவியனின் கை புள்ளி புள்ளியாகக் கற்பிக்க வேண்டும். வர்த்தனையின் அருமை அங்கேதான் உள்ளது.

அந்தக் கையின் பழக்கம் முற்றும் அறுந்துவிடவில்லை. 1970இல் குருவாயூர்க் கோயிலில் நேர்ந்த தீயில் ஓவியங்கள் சேதமுற்றபின், மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் முதலியோர் அச்சுவர்களில் மீண்டும் தீட்டினர்; 1989இல் அங்கே சுவரோவியப் பயிற்சி நிறுவனமும் தோன்றியது. வர்த்தனை என்ற சொல் அங்கே இன்றும் மாணவர் நாவில் வழங்குகிறது. எல்லைக்கு இப்பாலுள்ள நிலை வேறு. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ் மண்ணில், கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. ஆகவே இவ்வோவியங்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமைய, தமிழில் அது அருகியே காணப்படுகிறது.

பழைய சுவர் ஒன்றைத் துடைக்கவோ வெள்ளையடிக்கவோ முற்படும் ஊரார்க்கு, மேலே தூசிபோல் தெரியும் கரும்புள்ளிகள் அழுக்கல்ல, அவையே அவ்வுருவத்தின் உடல் என்று சொல்லத் தமிழில் ஒரு சொல் தேவை. வட்டிகையைத் தந்த வேரிலேயே அச்சொல்லும் உள்ளது.