தகரப் பட்டறையிலிருந்து ஒரு நாதம்

பிளாக் சபாத் குழுவின் இருண்ட ஒலியைப் பற்றிப் பேசுவோரிற் பலர் சாத்தானையும் சூனியத்தையும் துணைக்கழைக்கிறார்கள். நாம் பர்மிங்காமின் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து தொடங்கவே விரும்புகிறோம்.

ஆண்டு 1965. பதினேழு வயது டோனி அயோமிக்கு அங்கே அது கடைசி வேலைநாள். இயந்திரம் அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைத் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுள்ளவராதலின், கிதாரில் தந்திகளை அழுத்தியது அந்த வலக்கையே. சோர்ந்துகிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பிறகு ஜாஸ் கிதாரில் பெரும்புகழ் கண்டவர்.

அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்தார். பிடிமானத்துக்குத் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகள் வேண்டிப் பாஞ்சோவின் தந்திகளைப் பூட்டினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் பல பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்தினார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமானது, ஒலியோ கனத்தது. ஹெவி மெட்டல் பின்னர் தன் இலக்கணமாகக் கொண்ட கனம் அது.

விபத்தே இசையைத் தந்தது என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை. விரலிழந்த தொழிலாளர் எல்லோரும் புட்டியை உருக்கவில்லையே!

2025 ஜூலை 5 அன்று, நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் வில்லா பார்க் மைதானத்தில் குழு இறுதியாக இசைத்தது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பதினேழு நாட்களில் மறைந்தார். அன்றும் அயோமியின் அவ்விரு விரல்களிலும் உறைகள் இருந்தன.