ஜில்லா போர்டும் நீராவி உருளையும்: சித்தூர்ச் சீமையின் சாலைச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம்

சாலைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவற்றை வகுத்த எஞ்சினீயர்களின் பெயர்களையும் செலவான பணத்தின் கணக்கையும் விரிவாகக் குறித்துவிட்டு, காலை முதல் மாலை வரை முன்னும் பின்னுமாகப் பத்து டன் இரும்பை நகர்த்தி, பரப்பிக் கிடந்த கல்லைப் பாதையாக்கிக் கொடுத்த மனிதரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் கலந்து ஒலிக்கும் ராமகுப்பம், குப்பம் முதலிய எல்லையோர ஊர்களில் நின்று இச்சரித்திரத்தை நோக்கினால், இந்தக் குறை இன்னும் தெளிவாகப் புலப்படும். சாலை வரியை வசூலித்த ஸ்தாபனம் எங்கோ தொலைவிலிருந்த ஜில்லாத் தலைநகரில் இருந்தது. அதன் அங்கத்தினர்களையோ தீர்மானங்களையோ கிராமவாசிகள் அறியார். அந்த ஸ்தாபனம் அவர்களுக்குப் பிரத்தியட்சமானது, புகை கக்கிக்கொண்டு ஊர் எல்லைக்குள் மெல்ல நுழைந்த நீராவி உருளையின் வடிவத்திலேதான் என்பது என் துணிபு.

இந்த யந்திரத்தின் பிறப்பிலேயே இந்தியாவுக்குப் பங்கு உண்டு. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்ஸ் தேசத்து லூயி லெமுவான் என்பவர் நீராவியால் ஓடும் சாலை உருளை ஒன்றை அமைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1863ல், கல்கத்தா நகரசபையின் எஞ்சினீயராக இருந்த வில்லியம் கிளார்க் என்பவரும் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பேத்தோ என்பவரும் கூடி, கல்கத்தாவின் வீதிகளுக்கென்றே ஓர் உருளையை வகுத்தார்கள். கல்கத்தாவின் நிலத்தடிச் சாக்கடைத் திட்டத்தை வரைந்தவரும் இந்தக் கிளார்க்கே. இங்கிலாந்தில் ராச்செஸ்டர் நகரத்துத் தாமஸ் ஏவ்லிங் தம் உருளையைப் பரீட்சித்தது 1865ஆம் ஆண்டை ஒட்டி. அவருடைய ஏவ்லிங் அண்டு போர்ட்டர் கம்பெனி லிவர்பூல் நகரசபைக்கு உருளை செய்து கொடுத்தது 1867ல். முகப்பில் கெண்ட் மாகாணத்தின் சின்னமாகிய பித்தளைக் குதிரை பாய்ந்து நிற்கும் அக்கம்பெனியின் உருளைகளும், லீட்ஸ் நகரத்து பௌலர், கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் ஆகிய கம்பெனிகளின் உருளைகளும் பின்னர்க் கடல் கடந்து உலகெங்கும் பரவின. ஆயினும், இத்தேசத்துக்கென்று ஓர் உருளை வேண்டும் என்ற எண்ணம் இத்தேசத்து நகரசபை ஒன்றிலிருந்தே, இங்கிலாந்தின் பெரும் கம்பெனிகள் தொழிலைத் தொடங்குவதற்கு முன்பே எழுந்தது என்பதை மறக்கலாகாது.

அதே 1863ஆம் ஆண்டில், அதே கல்கத்தாவில், ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அதன் விளைவாக 1864ல் வங்காளத்தில் பாய்லர்களைப் பரிசோதிக்கும் சட்டம் பிறந்தது. பிற மாகாணங்களும் தத்தமக்கு வேண்டியபடி சட்டங்கள் செய்துகொண்டன. இவை ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றமையால், தேசம் முழுமைக்கும் ஒரே விதியாக 1923ஆம் வருஷத்து இந்தியப் பாய்லர் சட்டம் ஏற்பட்டது. உருளையின் பாய்லரும் இதற்குக் கட்டுப்பட்டிருந்தது. அதற்குப் பதிவு எண் உண்டு. ஆண்டுதோறும் பரிசோதகர் வந்து பார்த்துச் சான்று வழங்கினாலன்றி அதில் நெருப்பு மூட்டலாகாது. அதைக் கவனிப்போரும் பரீட்சை தேறியவராக இருக்கவேண்டும் என்ற விதிகளும் நாளடைவில் வந்தன. ரோலர் டிரைவர் என்று நாம் எளிதாகச் சொல்லும் மனிதர், வண்டியோட்டி மாத்திரம் அல்லர். அபாயம் நிறைந்த ஒரு கொதிகலனுக்குப் பொறுப்பாளியும் ஆவார்.

இனிச் சென்னை ராஜதானிக்கு வருவோம். 1866ஆம் ஆண்டின் சாலை வரிச் சட்டம், 1871ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டம், ஜில்லா போர்டுகளை நிறுவிய 1884ஆம் ஆண்டின் சட்டம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து, நிலத்தை உழுபவனிடமிருந்தே சாலைக்குப் பணம் திரட்டும் ஏற்பாட்டை நிலைநாட்டின. திருப்பதி 1886லும் சித்தூர் 1917லும் நகரசபைகளாயின. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்த பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைந்தது 1911ல்.

அந்நாளையச் சாலை, பெரும்பாலும் உருளையைக் காணாத சாலை. ஜல்லியை உடைத்துப் பரப்பி, செம்மண்ணையோ கிராவலையோ மேலே தூவிவிட்டால், போக்குவரத்தே அதை அழுத்திக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். சில இடங்களில் ஆட்களோ மாடுகளோ கல்லுருளையை இழுத்ததுண்டு. வண்டிக்காரர்கள் குத்துகின்ற புது ஜல்லியை விலக்கி ஓரத்து மண்ணிலேயே வண்டியை ஓட்டுவார்கள், ஓரம் பள்ளமாகும், நடுவில் ஜல்லி அசையாமல் கிடக்கும். மழை வந்தால் இரண்டும் கரையும். இந்த நிலையில் கட்டைவண்டியைக் குறை கூறிய உத்தியோகஸ்தர் பலர். இரும்புப் பட்டை போட்ட குறுகிய சக்கரம், பாரம் முழுவதையும் ஒரு சிறு தடத்தில் இறக்கிச் சாலையைக் கீறுவது உண்மைதான். ஆனால் அரைபட்ட கல்லின் தூளை இடுக்குகளில் நிரப்பியதும் அச்சக்கரமே.

மோட்டார் பஸ் வந்தபின் இந்தச் சமநிலை குலைந்தது. வேகமாகச் செல்லும் ரப்பர்ச் சக்கரம், கல்லை அரைக்காமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பிடிப்பாக இருந்த தூளை மாத்திரம் உறிஞ்சி எடுத்துக் காற்றில் பறக்கவிட்டது. பிடிப்பிழந்த கல்லை இரும்புச் சக்கரம் பெயர்த்தது. இவ்விருவகை வண்டிகளும் ஒரே சாலையில் ஓடவேண்டியிருந்த காலத்தில், கல்லை முதலிலேயே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளுமாறு அழுத்தி இறுக்குவது தவிர்க்கமுடியாததாயிற்று. 1927ல் நியமிக்கப்பட்ட ஜெயகர் கமிட்டியின் சிபார்சின்மேல் பெட்ரோல் வரியிலிருந்து 1929ல் மத்திய சாலை நிதி பிறந்ததும், 1934ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியதும், இந்நெருக்கடியின் விளைவுகளே. சித்தூரைப் போன்ற ஜில்லாக்களில் நீராவி உருளை ஆடம்பரப் பொருளாக இருந்த நிலை மாறி அத்தியாவசியமானதன் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

உருளை வேலை செய்த முறையைச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். ஏனெனில் இன்றைய சாலையைப் பார்த்து அதை ஊகிக்க இயலாது. விடிவதற்கு வெகு முன்பே டிரைவரோ கிளீனரோ எழுந்து, முந்தின நாளின் சாம்பலை வாரி, பாய்லரில் நீர்மட்டம் பார்த்து, விறகையோ நிலக்கரியையோ இட்டு நெருப்பு மூட்டினால், வேலைக்கு வேண்டிய அழுத்தம் ஏற மணிக்கணக்காகும். அந்த இடைவேளையில் ஒவ்வொரு எண்ணெய்க் கிண்ணத்தையும் நிரப்பி, ஒவ்வொரு மூட்டையும் துடைத்துப் பார்த்துவிடுவார்கள். அதற்குள் ஆட்கள் நான்கரை அங்குலக் கனத்துக்கு ஜல்லியைப் பரப்பி, நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த வளைவை மட்டப்பலகையால் சரிபார்த்து வைத்திருப்பார்கள். உருளை எப்போதும் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வரவேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கல் ஓரத்துக்கு ஒதுங்கி வளைவு கெட்டுவிடும். முந்தின தடத்தின் மேல் பின்சக்கரத்தின் பாதியகலம் ஏறி நிற்குமாறு ஒவ்வொரு தடமும் அமையவேண்டும். முதலில் உலர்ந்த கல்லின்மேல் ஓட்டம். கல் ஒன்றையொன்று கவ்வியபின் கிராவல் தூவி, தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, மீண்டும் மீண்டும் ஓட்டம். நான்கரை அங்குலம் மூன்றங்குலமாகக் குறையும் வரையில் இது ஓயாது. வேலை முடிந்ததா என்று அறிய ஒரு பரீட்சை உண்டு. ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துச் சக்கரத்தின் முன்னே வைப்பார்கள். அது சாலைக்குள் அமிழ்ந்தால் வேலை பாக்கி, சாலை இடங்கொடாமல் கல்லே நொறுங்கினால் வேலை பூர்த்தி.

இவ்வளவுக்கும் நடைவேகம்கூட ஆகாது; மணிக்கு இரண்டு மைல் என்பதே நல்ல வேகம். இந்த நிதானத்தால் ஒரு மைல் சாலைக்கு உருளை பல நாட்கள் ஓரிடத்தில் தங்கவேண்டியிருந்தது. சித்தூரிலிருந்து மொகிலிக் கணவாய் ஏறிப் பலமநேர், வெங்கடகிரிக்கோட்டை வழியாகக் குப்பம் வட்டாரத்துக்குத் தன் சக்கரங்களாலேயே நகர்ந்து வரவேண்டுமானால், அப்பிரயாணமே நாட்கணக்கில் நீளும். இங்கிலாந்தில் டிரைவர் குடியிருக்க ஒரு சிறு வீட்டு வண்டியை உருளையின் பின்னே கட்டியிழுப்பார்கள். நம் நாட்டு டிரைவருக்கோ சாலையோரக் கொட்டகையும் மரநிழலும் சத்திரத்துத் திண்ணையுமே வீடாயின. சாலை முடிகிற வரையில் அவர் அவ்வூரார், முடிந்ததும் வேற்றூரார்.

மலைச்சரிவில்தான் அவருடைய அறிவு சோதனைக்குள்ளாகும். நெருப்புப் பெட்டி யந்திரத்தின் பின்புறத்தில் இருக்கிறது. இறக்கத்தில் முன்புறம் தாழும்போது பாய்லரின் நீர் முன்னே ஓடிவிடும். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு நீரின்றிக் காய்ந்தால் விபரீதம். தகடு அளவு மீறிச் சுட்டால் அதில் பதித்த ஈய அடைப்பு உருகி, நீராவியும் நீரும் கொட்டி நெருப்பைத் தணிக்கும் என்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் அடைப்பு உருகும்படி விடுவது டிரைவருக்குப் பெருத்த அவமானம். பள்ளம் வருமுன்பே நீரை ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாயில் ஒரு கண்ணும் சாலையில் ஒரு கண்ணுமாக, வேகத்தை அடக்க வேண்டும்போது யந்திரத்தின் போக்கைப் பின்னுக்கு மாற்றும் நெம்புகோலில் கை வைத்து இறங்கவேண்டும். முன் உருளையைத் திருப்புவது சங்கிலி. அதற்கு ஆணையிடும் சக்கரத்தைப் பலமுறை சுற்றினாலன்றி உருளை திரும்பாது. திரும்பவேண்டிய இடத்தை வெகு முன்பே மனத்தில் கணித்துக்கொள்ளாதவர் ஒரு நாளும் நேராக ஓட்டமுடியாது.

தண்ணீர் மற்றொரு கவலை. பாலாறு இவ்வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டுதான் செல்கிறது. ஆந்திர எல்லைக்குள் அதன் ஓட்டம் 33 கிலோமீட்டர். ஆயினும் வருஷத்தில் பெரும்பகுதி அது மணலாறு. ஏரியும் கிணறுமே கதி. பீப்பாய் வண்டியில் வந்த நீரைச் சாலையும் குடிக்கவேண்டும், பாய்லரும் குடிக்கவேண்டும். உப்புச் சேர்ந்த கிணற்று நீர் குழாய்களுக்குள் படிவாக ஒட்டி, விறகை விழுங்கச் செய்து, அழுத்தத்தைக் குறைக்கும். ஆதலால் நெருப்பை அணைத்துப் பாய்லரைக் கழுவும் நாள் ஒன்றையும் முறையாக ஒதுக்கவேண்டியிருந்தது. எந்த ஊர்க் கிணறு பாய்லருக்கு ஆகும், எது ஆகாது என்பதை இத்தொழிலில் பழகியவர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருக்க வேண்டும். அந்த ஞானத்தை எந்தப் புஸ்தகமும் அவருக்குக் கற்பித்திராது.

பின்னர் நேர்ந்தவை விரைந்து நேர்ந்தவை. 1946ல் சென்னை ராஜதானியில் நெடுஞ்சாலைத் துறை தனியே அமைந்தது. 1953ல் சித்தூர் ஜில்லா ஆந்திர ராஜ்யத்துக்குச் சென்றது. 1959ல் அங்கே ஜில்லா போர்டுகளின் இடத்தில் ஜில்லா பரிஷத்துகள் வந்தன. கல்கத்தாவின் ஜெஸ்ஸாப் முதலிய கம்பெனிகளின் டீசல் உருளைகள் பரவின. காலையில் சாவியைத் திருப்பியவுடன் புறப்படும் யந்திரத்தின் முன்னே, மணிக்கணக்கில் நெருப்பு வளர்க்கவேண்டிய யந்திரம் நிற்கமுடியவில்லை. விறகு, தண்ணீர் வண்டி, வருடாந்தரப் பரிசோதனை ஆகிய செலவுகளும் அதற்கு எதிராகவே நின்றன. இதில் வருந்துவதற்கு இடமிருந்தாலும் தவறு காண இடமில்லை.

வருந்தவேண்டியது வேறொன்று. இலங்கையில் கண்டிக்கு அருகே கிரிபத்கும்புரவில் சாலைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்து, பழைய நீராவி உருளைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு விரிவாக இயலாவிடினும், அலுவலக வளாகங்களில் துருப்பிடித்து நிற்கும் உருளைகளின் வரலாற்றையேனும் நாம் மீட்கலாம். பாய்லரில் வெட்டப்பட்ட பதிவு எண்ணைப் படித்தால், அதைக் கொண்டு பரிசோதனைப் புஸ்தகத்தைத் தேடி, யந்திரம் எந்த ஆண்டில் வந்தது, எந்தத் தகடு எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பதையெல்லாம் அறிய வழியுண்டு. ஓட்டியவருடைய வாழ்க்கைக்கு அத்தகைய புஸ்தகம் இல்லை. அதை ஜில்லா போர்டின் பழைய சம்பளப் பட்டியல்களிலும், சித்தூர், திருப்பதி நகரசபைகளின் பழைய தஸ்தாவேஜுகளிலும், அவற்றைவிட முக்கியமாக, உருளை ஓட்டியவர்களுடைய, இன்று முதியவர்களாகிவிட்ட மக்களிடத்திலும் தேடவேண்டும். குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்துச் சரித்திர மாணாக்கர் இருவர் மூவர் இப்பணியை மேற்கொண்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்டு எழுதத் தொடங்குவாராயின், இக்கட்டுரை தொடங்கிவைத்த ஆராய்ச்சி அவர்கள் கையில் தொடரும்.