நீலத்தில் ஒரு சின்னப் புத்தகம்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க. ஆனா கேன்டீன் கதை மட்டும் வேண்டாம், எல்லாரும் அதையேதான் எழுதுறாங்க" என்று மலர்க்குழு நண்பர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். கேன்டீனை எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஒர்க்‌ஷாப்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வருடம், ஃபிட்டிங் ஷாப். அரத்தால் ராவி ராவி, இரும்புத் துண்டைச் சமமாக்கிவிட்டோம் என்ற பெருமையோடு போய் நிற்போம். மாஸ்டர் ஒன்றும் பேசமாட்டார். சர்ஃபேஸ் பிளேட்டில் நீலப் பசையை மெல்லிசாகத் தடவி, நம் துண்டை அதன்மேல் வைத்து ஒரு தேய் தேய்ப்பார். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். "பாருடா, மூணு இடத்துல மேடு. போய் ராவு." அந்தப் பசைதான் பிரஷ்யன் ப்ளூ. கையில் பட்டால் லேசில் போகாது. அந்த நீலத்துக்கு முந்நூறு வருடச் சரித்திரம் இருப்பது, போன கோடை விடுமுறையில் என் மகளோடு சேர்ந்து உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு புத்தகம் செய்தபோதுதான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் தயாரிக்கப் போனார். அவர் வாங்கிய பொட்டாஷில் விலங்குக் கொழுப்பின் கலப்படம் இருந்ததாம். சிவப்பு வரவேண்டிய இடத்தில் ஆழ்ந்த நீலம் வந்தது. கலப்படத்தால் உலகத்துக்கு நன்மை நடந்த அபூர்வமான கதை இது!

அடுத்த திருப்பம் 1842இல். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், இரும்பு உப்புகளை வெயிலில் வைத்தால் இதே நீலத்தைக் காகிதத்தின் மேலேயே உண்டாக்கலாம் என்று கண்டுபிடித்தார். பெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூச வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு மாற்றமடைந்து, கரையாத நீலமாகப் பிடித்துக்கொள்ளும். நிழல் விழுந்த இடம் தண்ணீரில் கழுவினால் வெள்ளையாகிவிடும். கேமரா வேண்டாம், இருட்டறைச் சாமான்கள் வேண்டாம். இதற்கு சயனோடைப் என்று பெயர்.

அடுத்த வருடமே, 1843 அக்டோபரில், இங்கிலாந்தில் ஆனா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதை வைத்துப் புத்தகமே செய்ய ஆரம்பித்துவிட்டார். பிறந்தது 1799இல். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். வேதியியல் தெரிந்த தகப்பனார் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன்தான் வளர்த்தார். கடற்பாசிகளைப் பற்றி 1841இல் வெளிவந்திருந்த ஹார்வியின் கையேட்டில் படங்கள் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இவர் இறங்கினார். அவ்வளவு நுணுக்கமான பாசிகளைக் கையால் வரைவது சிரமம் என்பதால், பாசியையே காகிதத்தில் வைத்து, வெயிலில் காட்டி, கழுவி, காயவைத்தார். எழுத்துப் பக்கங்களுக்கும் அச்சுக்கூடம் போகவில்லை. தன் கையெழுத்தையே நீலத்தில் வெள்ளையாகப் பதித்தார். பத்து வருடத்தில் ஏறக்குறைய 400 படங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு டஜன் பிரதி என்று வைத்தாலே ஐயாயிரத்தை நெருங்கிவிடும்! புகைப்படங்களைக் கொண்ட உலகின் முதல் புத்தகம் இதுதான் என்று கருதுகிறார்கள்.

இத்தனை உழைத்தவர், முன்னுரையின் கீழே போட்ட கையெழுத்து 'ஏ.ஏ.' என்ற இரண்டே எழுத்துகள். பின்னாளில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் தெரியாத ஒரு கற்றுக்குட்டி என்று அர்த்தம் சொன்னாராம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

ஹெர்ஷல், அட்கின்ஸ் இருவருமே 1871இல் காலமானார்கள். அதற்குப் பிறகுதான் சயனோடைப் நம்மவர்கள் கைக்கு வந்தது. டிரேசிங்கை மேலே வைத்து வெயில் காட்டினால் நீலத்தில் வெள்ளைக் கோடுகளாக நகல் கிடைக்கும். அதுதான் ப்ளூபிரிண்ட்! பிறகு அம்மோனியா பிரிண்ட் வந்து, அதற்குப் பிறகு பிளாட்டரும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய சிறு பாலத்தின் ரிப்பேர் வேலை. அலுவலக அலமாரியில் அதன் ப்ளூபிரிண்ட் ஒன்று கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. மூலையில் வரைந்தவர், டிரேஸ் எடுத்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று கட்டம். மூன்றிலும் வெறும் இனிஷியல்தான். "இவங்கல்லாம் யாருண்ணே?" என்று பழைய ஊழியரைக் கேட்டேன். "யாருக்குத் தம்பி தெரியும்" என்றார். சில மாதம் கழித்து, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அந்த வரைபடத்தைத் தேடினால் அலமாரி காலி. எல்லாம் எடைக்குப் போய்விட்டது. கடைசியில் குழி தோண்டித்தான் ஆழம் பார்த்தோம். கண்ணில் பட்ட அன்றே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த உறுத்தலில் பிறந்ததுதான் எங்கள் சின்னப் புத்தகம். மூன்று அங்குலத்துக்கு, அதாவது 76 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருந்தால்தான் மினியேச்சர் புத்தகம் என்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கணக்கு. ஏ5 தாளை எட்டாக மடித்தால் ஒரு பக்கம் 74க்கு 52. இரண்டு மில்லிமீட்டர் மிச்சத்தில் பாஸ்! நடு மடிப்பில், நடுவில் உள்ள இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு ஒரே வெட்டு. தையலும் பசையும் வேண்டாம். டிரேசிங் ஷீட்டில் கறுப்பு மையால் பிரஷ்யன் ப்ளூவின் கதையை எழுதினோம். மேல் வரிசையைத் தலைகீழாக எழுத வேண்டும், அதை மறந்து ஒரு ஷீட் வீண். அட்கின்ஸ் நினைவாக ஒரு பக்கத்துக்கு முருங்கை இலை. பத்து நிமிட வெயிலில் எட்டுப் பக்கமும் ஒரே தடவையில் பதிந்துவிட்டது. ஆனால் முதல் பிரதியைச் சோப்புத் தண்ணீர் மிச்சமிருந்த வாளியில் முக்கிவிட்டேன். காரம் பட்டால் இந்த நீலம் வெளுத்துவிடும். "அப்பா, நீங்க இன்ஜினியர்தானே?" என்றாள் மகள். அடுத்ததைச் சுத்தமான தண்ணீரில் அவளே கழுவினாள். (செய்து பார்க்க நினைக்கும் ஜூனியர்களே, கையுறை போடுங்கள். பெர்ரிசயனைடை அமிலத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.)

கடைசிப் பக்கத்தில் அதே மூன்று கட்டங்களைப் போட்டோம். எழுதியவர், பதித்தவர், கழுவியவர். இனிஷியலை விரித்து, முழுப் பெயர்களோடு.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலக அலமாரியிலோ, நம் கல்லூரியின் பழைய அறைகளிலோ நீலக் காகிதக் கட்டு ஏதாவது கண்ணில் பட்டால், எடைக்குப் போகுமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூலையில் உள்ள இனிஷியல் யாருடையது என்று விசாரியுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் சிலராவது இந்தச் சந்திப்புக்கு வருவார்கள். தம்பி தங்கைகளே, நீங்கள் வரையும் ஒவ்வொரு டிராயிங்கிலும் முழுப் பெயரை எழுதுங்கள்.

சின்னப் புத்தகத்தைச் சட்டைப் பையில் கொண்டுவருகிறேன். கேட்டால் காட்டுவேன். கை ஈரமில்லாமல் வாங்கிப் பாருங்கள்!