நான் எழுதாத திருத்தம்

2010 ஓகஸ்ட் மாதம். வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. கணினி விஞ்ஞானத்தின் மாபெரும் புதிர் தீர்ந்துவிட்டதென ஒரு செய்தி வந்தது. "தீர்ந்தது புதிர்" என்று தலைப்பிட்டேன். "தீர்த்ததாகக் கூறுகிறார்" என்பதே சரியான தலைப்பு.

நான் கலைப்பீடப் பட்டதாரி. ஆகவே எனக்கு விளங்கிய விதத்திலேயே அப்புதிரைச் சொல்கிறேன். குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்ப ஒரு நாள் முழுவதும் செல்லலாம். நிரப்பியது சரியா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். விரைவாகச் சரிபார்க்கக்கூடிய விடைகள் யாவற்றையும் விரைவாகக் கண்டுபிடிக்கவும் வழி உண்டா? இதுவே "பி எதிர் என்பி" எனப்படும் வினா.

1956இல் கேர்ட் கோடெல், நோயுற்றிருந்த வொன் நொய்மனுக்கு எழுதிய கடிதத்திலேயே இதன் சாயல் உண்டு. 1971இல் ஸ்டீபன் குக் இதற்குத் திட்டவட்டமான வடிவம் கொடுத்தார். சோவியத் நாட்டில் லியோனிட் லெவின் தனித்து ஆராய்ந்து, 1973இல் இதையொத்த முடிவை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவகம் இதற்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தது.

நிற்க. 2010 ஓகஸ்ட் 6ஆம் திகதி, அமெரிக்காவில் எச்.பி. ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வினய் தியோலாலிகர், நூறு பக்கமளவிலான கையெழுத்துப் பிரதியொன்றை அறிஞர் சிலருக்கு அனுப்பினார். அத்தகைய விரைவு வழி எல்லாவற்றுக்கும் இருக்க முடியாது என்பதே அவரது முடிவு. புள்ளிவிபரப் பௌதிகத்தையும் தர்க்கவியலையும் அவர் இணைத்திருந்தார். இது ஓரளவு பாரதூரமான உரிமைகோரலாகவே தோன்றுகிறதென்று குக்கே குறிப்பிட்டதால் உலகம் திரும்பிப் பார்த்தது.

டெரன்ஸ் தாவோ உள்ளிட்ட கணித மேதைகள் பிரதியை வரிவரியாக ஆராய்ந்தனர். கடினமான புதிர்களுக்கே உரியதென அவர் காட்டிய அமைப்பு, எளிதிற் தீரும் சில புதிர்களிலும் காணப்பட்டது. அவ்வாறாயின் அந்த வாதம் எளியதையும் கடினமென்றே நிரூபித்துவிடும். தர்க்கவியற் பகுதியிலுள்ள பாரிய குறையை நீல் இம்மர்மன் சுட்டிக்காட்டினார். எல்லாம் ஒரு வாரத்துள் நடந்து முடிந்தன. நிரூபணம் ஏற்கப்படவில்லை.

நான் திருத்தம் வெளியிடவில்லை. செய்தி பழையதாகிவிட்டதென்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2017 ஓகஸ்டில் ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்பேர்ட் புளும் இதே முடிவுக்கு மற்றொரு நிரூபணத்தை வெளியிட்டார். அதிலும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாதம் முடியுமுன்னரே, தமது நிரூபணம் தவறென்று சுருக்கமாக எழுதி அதனை மீளப்பெற்றுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அத்துறையிலேயே உழைத்தவருக்கு அந்த வரியை எழுதுவது இலகுவாக இருந்திராது. ஆயினும் எழுதினார். அச்செய்தியை வாசித்தபோது என் பழைய தலைப்பு நினைவில் வந்து உறுத்தியது.

காலந் தாழ்த்தியேனும் அத்திருத்தத்தை இங்கே பதிகின்றேன்: அந்தப் புதிர் 2010இல் தீரவில்லை. இன்றுவரை தீரவில்லை. பிழை செய்தியில் அன்று, என் தலைப்பில்.